ஃபர்ம்வேர் மாற்றியதும் நெட் நின்றுவிட்டதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றி, ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி, ஃப்ரெஷ்டொமேட்டோ என்று ஏதாவது ஒன்றை ஏற்றியபின் நெட் வரவில்லை என்று என் கைக்கு வந்த ரவுட்டர்கள் நிறைய. அவற்றில் நிஜமாகவே செத்துப்போனவை மிகக் குறைவு. மற்றவை எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தன. பழைய ஃபர்ம்வேருக்குத் தெரிந்திருந்த ஏதோ ஒரு விவரம் புதியதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிபிபிஓஇ (பயனர்பெயர் போட்டு நுழையும் இணைப்பு) கடவுச்சொல், விலேன் எண் (ஒரே கம்பியில் இணைப்புகளைப் பிரிக்கும் எண்), மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்), இப்படி ஏதோ ஒன்று. அது எது என்று பார்ப்பதற்குள் பதறிப்போய் மறுபடி மறுபடி ஃப்ளாஷ் செய்வதும் (ஃபர்ம்வேரை எழுதுவதும்), ரீசெட் பட்டனை விடாமல் அழுத்துவதும்தான் நல்ல ரவுட்டரையும் கெடுத்துவிடுகிறது.

எனவே ஒன்றையும் மாற்றுவதற்கு முன், இணைப்பு எதுவரை போய் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள். கீழே மெனுப் பெயர்களை ஓப்பன்டபிள்யூஆர்டியின் லூசி பக்கத்தை (பிரவுசரில் திறக்கும் அமைப்புப் பக்கத்தை) வைத்துச் சொல்லியிருக்கிறேன். மற்ற ஃபர்ம்வேர்களில் பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான். வெளியிலிருந்து நெட் வந்து சேரும் போர்ட்டை ‘வேன்’ என்றும் வீட்டுக்குள் பிரியும் பக்கத்தை ‘லேன்’ என்றும் எழுதுகிறேன்.

## முதல் ஐந்து நிமிடம்: எதுவரை போகிறது?

கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் லேன் போர்ட்டில் கேபிள் போட்டு இணையுங்கள். வைஃபையிலேயே சோதித்தால் பழுது ரேடியோவிலா, இணைப்பிலா என்று கடைசிவரை பிடிபடாது. இதைப் படிக்க போனை மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வரிசையாக ஐந்து கேள்விகள்:

1. கணினிக்கு ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா? 169.254 என்று தொடங்கினால் கிடைக்கவில்லை என்று பொருள். அறிகுறி 2-க்குப் போங்கள்.
2. பிரவுசரில் 192.168.1.1 திறக்கிறதா? திறக்காவிட்டாலும் அறிகுறி 2 தான்.
3. ரவுட்டர் பக்கத்தில் வேன் இன்டர்ஃபேஸுக்கு ஐபி முகவரி இருக்கிறதா? இல்லை என்றால் அறிகுறி 3.
4. ரவுட்டரின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்திலிருந்து 8.8.8.8 என்ற கூகுள் முகவரியை பிங் செய்தால் (பதில் கேட்டுச் சிறு செய்தி அனுப்பினால்) பதில் வருகிறதா? வராவிட்டால் அறிகுறி 4. அங்கே வந்து, கணினியிலிருந்து வராவிட்டால் அறிகுறி 5.
5. எண்ணுக்குப் பதில் வருகிறது, தளத்தின் பெயருக்கு வரவில்லையா? அறிகுறி 6.

இந்த ஐந்தையும் கேட்காமல் அமைப்புகளில் கைவைத்தால், எந்த மாற்றம் எதைச் சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

## அறிகுறி 1: வைஃபை பெயரே தெரியவில்லை

முக்கால்வாசி நேரம் இது பழுதே இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலான ரவுட்டர்களில் வைஃபையை அணைத்த நிலையில்தான் தொடங்கும். கேபிள் வழியாக உள்ளே போய், நெட்வொர்க், வயர்லெஸ் பக்கத்தில் நாட்டைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல் வைத்து, எனேபிள் கொடுத்தால் போதும்.

எனேபிள் செய்தும் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வரவில்லை என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடாரோடு பகிரப்படுபவை. அவற்றில் ஒளிபரப்பும் முன் ரவுட்டர் ஒரு நிமிடம் காத்திருந்து கேட்க வேண்டும். சில நாடுகளில் 120 முதல் 128 வரையுள்ள சேனல்களுக்கு இது பத்து நிமிடம். அதுவரை பொறுக்காமல் ‘வரவில்லை’ என்று மறுதொடக்கம் செய்தால், காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கும். 36-க்கு மாற்றிப் பாருங்கள், உடனே வந்துவிடும். பெயர் தெரிந்தும் பழைய போன் ஒன்று மட்டும் சேர மறுத்தால், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் சேர்ந்துகொள்ளும்.

வயர்லெஸ் பக்கத்தில் ரேடியோவே பட்டியலில் இல்லை என்றால் கதை வேறு. அந்தச் சிப்புக்கான டிரைவர் இந்த ஃபர்ம்வேரில் இல்லை, அல்லது தவறான மாடலுக்கான கோப்பு ஏறியிருக்கிறது. ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் உள்ள வன்பொருள் பதிப்பு எண்ணையும் இறக்கிய கோப்பின் பெயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மாடல் பெயர் ஒன்றாகவே இருந்து, முதல் பதிப்பிலும் மூன்றாம் பதிப்பிலும் சிப்பே வேறாக இருப்பது சர்வசாதாரணம்.

## அறிகுறி 2: கேபிள் போட்டும் ரவுட்டர் பக்கம் திறக்கவில்லை

கேபிளைப் பாருங்கள். லேன் போர்ட்டில்தான் இருக்கிறதா? புதிய ஃபர்ம்வேரில் வேன், லேன் போர்ட்களின் பங்கு மாறியிருக்கலாம். ஒவ்வொரு போர்ட்டாக மாற்றிச் செருகி, ஐபி கிடைக்கிறதா என்று பாருங்கள்.

முகவரி மாறியிருக்கலாம். பழைய ஃபர்ம்வேரில் 192.168.0.1 இருந்திருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியும் டிடி-டபிள்யூஆர்டியும் 192.168.1.1-இல் இருக்கும். கணினியில் முன்பு கையால் ஐபி போட்டு வைத்திருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

பக்கம் இல்லாத ஃபர்ம்வேராக இருக்கலாம். பிங் செய்தால் பதில் வருகிறது, பிரவுசரில் மட்டும் திறக்கவில்லை என்றால், நீங்கள் ஏற்றியது பெரும்பாலும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஸ்னாப்ஷாட் பதிப்பு. அதில் லூசி சேர்ந்து வராது. எஸ்எஸ்ஹெச் வழியாக (கட்டளை தட்டி ரவுட்டரை இயக்கும் வழி) ரூட் என்ற பயனராக நுழைந்து, நெட் இணைப்பு இருந்தால் லூசியை நிறுவலாம். முதல்முறை செய்பவர்களுக்கு என் யோசனை: அந்த வம்பே வேண்டாம், நிலையான வெளியீட்டுக் கோப்பை எடுத்து ஏற்றிவிடுங்கள்.

பழைய அமைப்புகளோடு மேம்படுத்தினீர்களா? 2021-இல் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02-இலிருந்து பல மாடல்களில் போர்ட்களைக் கையாளும் முறையே மாறிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பின் அமைப்புகளை வைத்துக்கொண்டு, எச்சரிக்கையையும் மீறிக் கட்டாயப்படுத்தி மேம்படுத்தினால், இல்லாத போர்ட் பெயர்களைத் தேடிக்கொண்டு ரவுட்டர் ஊமையாக உட்கார்ந்திருக்கும். இதற்கு ஃபெயில்சேஃப் என்ற அவசரத் தொடக்க நிலை வழியாக அமைப்புகளை அழிப்பதுதான் மருந்து. எப்படி என்று அறிகுறி 9-இல் சொல்லியிருக்கிறேன்.

## அறிகுறி 3: ரவுட்டர் பக்கம் திறக்கிறது, வேனுக்கு ஐபி இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

### மோடத்தை அணைத்து எழுப்புங்கள்

பல மோடங்களும் ஃபைபர் பெட்டிகளும் தன்னிடம் முதலில் இணைந்த கருவியின் மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு முகவரியோடு யார் வந்தாலும் பேசாது. மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விடுங்கள். பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள். முதலில் மோடத்தைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். இந்த ஒரு வேலையே பல வீடுகளில் பிரச்சினையை முடித்திருக்கிறது.

### இணைப்பு வகை சரியா?

புதிய ஃபர்ம்வேர் வேனில் டிஹெச்சிபி (ஐபியைத் தானாகப் பெறும் முறை) என்றே தொடங்கும். உங்கள் இணைப்புக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உண்டு என்றால் அது பிபிபிஓஇ. நெட்வொர்க், இன்டர்ஃபேஸஸ் பக்கத்தில் வேனைத் திருத்தி, புரோட்டோகாலை மாற்றி, இரண்டையும் இடுங்கள். நெட் தரும் நிறுவனம் நிலையான ஐபி தந்திருந்தால் அந்த முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றும் வேண்டும்.

அதற்கு முன்னால் மோடமே பிபிபிஓஇ-யைப் போட்டுக்கொள்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படியானால் ரவுட்டருக்கு டிஹெச்சிபி போதும். ரவுட்டர்தான் போட வேண்டும் என்றால் மோடம் பிரிட்ஜ் நிலையில் (நெட்டை அப்படியே கடத்திவிடும் நிலையில்) இருக்க வேண்டும்.

### பிபிபிஓஇ போட்டும் வரவில்லையா? லாகைப் படியுங்கள்

ஸ்டேட்டஸ், சிஸ்டம் லாக் திறந்து பிபிபிடி என்று வரும் வரிகளை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று இருந்தால் நல்ல செய்தி. எதிர்முனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவி உங்களோடு பேசுகிறது, பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் பிடிக்கவில்லை. பெயரில் அட் குறிக்குப் பின்னால் வரும் பகுதியை விட்டுவிட்டீர்களா, கடவுச்சொல்லின் முடிவில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்ததா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் பத்து, பதினைந்து நிமிடம் ரவுட்டரை அணைத்து வையுங்கள். பழைய ரவுட்டரை முறையாகத் துண்டிக்காமல் பிடுங்கியிருந்தால் அதன் இணைப்பு எதிர்முனையில் இன்னும் உயிரோடு இருக்கும். ஒரு கணக்குக்கு ஓர் இணைப்புதான் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் இரண்டாவதை விடாது.

‘டைம்அவுட் வெயிட்டிங் ஃபார் பிஏடிஓ பாக்கெட்ஸ்’ என்று இருந்தால், நீங்கள் கூப்பிடுவதே எதிர்முனைக்குக் கேட்கவில்லை. இப்போது கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் வீண். கேபிள், பிரிட்ஜ் நிலை, விலேன் இந்த மூன்றில் ஒன்று.

### விலேன் எண்

ஒரு நண்பர் வீட்டில் இந்த பிஏடிஓ வரியையே ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபிள் மாற்றியாயிற்று, மோடத்தை மூன்று முறை எழுப்பியாயிற்று. கடைசியில் அவர் போனில், பழைய ஃபர்ம்வேரின் இன்டர்நெட் பக்கத்தை என்றைக்கோ எடுத்து வைத்திருந்த ஒரு படம் கிடைத்தது. பிபிபிஓஇ பெயருக்குக் கீழே, கண்ணில் படாத அளவு சின்ன எழுத்தில் விலேன் ஐடி என்று ஒரு பெட்டி, அதில் ஓர் எண். வேன் இன்டர்ஃபேஸில் டிவைஸ் என்ற இடத்தில் ‘வேன்’ என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அந்த எண்ணைச் சேர்த்துச் சேமித்தேன். எட்டாவது விநாடியில் ஐபி வந்துவிட்டது.

ஃபைபர் இணைப்புகளில் இது அடிக்கடி வரும். நிறுவனம் தந்த ரவுட்டரில் அந்த எண் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம், ஊகித்துப் பிடிக்க முடியாது. பழைய ஃபர்ம்வேரின் காப்புக் கோப்போ படமோ இருந்தால் அதில் தேடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

### மேக் முகவரி

மோடத்தை அணைத்து எழுப்பியும் டிஹெச்சிபி முகவரி தரவில்லை என்றால், நிறுவனமே உங்கள் பழைய மேக் முகவரியைப் பதிந்து வைத்திருக்கலாம். இன்டர்ஃபேஸஸ் பக்கத்தில் டிவைஸஸ் பகுதிக்குப் போய், வேன் டிவைஸின் மேக் முகவரியை மாற்றலாம். ஒரு நுணுக்கம்: பல மாடல்களில் அடியில் ஒட்டியிருப்பது லேனின் முகவரி. பழைய ஃபர்ம்வேர் அதோடு ஒன்றைக் கூட்டி வேனுக்கு வைத்திருக்கும். ஸ்டிக்கரில் இருப்பதைப் போட்டும் வரவில்லை என்றால் கடைசி இலக்கத்தில் ஒன்று கூட்டிப் பாருங்கள். பதினாறு இலக்கங்கள் கொண்ட எண்முறை என்பதால் 9-க்கு அடுத்து ஏ வரும், 10 வராது.

### நிறுவனத்தை எப்போது அழைப்பது?

ரவுட்டரைக் கழற்றிவிட்டு மோடத்திலிருந்து நேராகக் கணினிக்குக் கேபிள் போட்டுப் பாருங்கள். பிபிபிஓஇ என்றால் கணினியிலேயே டயல் செய்யலாம். விலேன் கேட்கும் இணைப்பில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது. மோடத்தை மறுதொடக்கம் செய்தபின் அங்கேயும் வரவில்லை என்றால் குறை உங்கள் ஃபர்ம்வேரில் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது போனை எடுங்கள். ‘ஃபர்ம்வேர் மாற்றினேன், நெட் வரலை’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கேட்க வேண்டியவை நான்கு: இணைப்பு வகை என்ன, விலேன் எண் உண்டா, மேக் முகவரி பதிவு உண்டா, என் பழைய இணைப்பை உங்கள் பக்கத்தில் துண்டித்துவிட முடியுமா. இந்த நான்குக்கும் பதில் தெரிந்த ஒருவரிடம் பேச்சு போய்ச் சேரும்வரை விடாதீர்கள்.

டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பி வழியாக வரும் நெட்) மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் ஒன்றை முதலிலேயே சரிபாருங்கள். அதன் டிஎஸ்எல் சிப்பை இந்த ஃபர்ம்வேர் இயக்குமா? பிராட்காமின் டிஎஸ்எல் சிப் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் அந்த மோடம் பகுதி வேலை செய்யாது. எந்த அமைப்பை மாற்றினாலும் வராது. தனி மோடம் ஒன்று வாங்கி இதை ரவுட்டராக மட்டும் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பழைய ஃபர்ம்வேருக்கே திரும்ப வேண்டும்.

## அறிகுறி 4: வேனுக்கு ஐபி இருக்கிறது, ரவுட்டரிலிருந்தே பிங் போகவில்லை

வேனின் ஐபியைப் படியுங்கள். 192.168.1 என்று தொடங்குகிறதா? லேனும் 192.168.1.1-ஆ? அப்படியானால் இதுதான் காரணம். மோடமும் ரவுட்டரும் ஒரே தெருப்பெயரை வைத்துக்கொண்டால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றியவுடன் நெட் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணங்களில் இது ஒன்று. கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தால், பிரவுசரில் அதே முகவரிக்கு ஒருமுறை மோடத்தின் பக்கமும் அடுத்தமுறை ரவுட்டரின் பக்கமும் வரும், இன்னும் குழம்பிவிடும்.

லேன் முகவரியை 192.168.2.1 அல்லது 10.0.0.1 என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் மாற்றும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. லூசியில் சேமித்தபின், புதிய முகவரியில் நீங்கள் வந்து சேர்ந்தீர்களா என்று ரவுட்டர் 90 விநாடி பார்க்கும். வராவிட்டால் பழைய முகவரிக்கே திரும்பிவிடும். கணினியோ இன்னும் பழைய ஐபியில் இருப்பதால் தானாகப் போய்ச் சேராது. ‘மாற்றினேன், எடுக்கவே இல்லை’ என்று பலர் சோர்ந்துபோவது இதனால்தான். சேமித்தவுடன் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள், கணினி புதிய ஐபி வாங்கிக்கொள்ளும். உடனே புதிய முகவரியைத் திறந்துவிடுங்கள். அல்லது சேமிக்கும்போது சரிபார்க்காமல் அப்படியே பதியும் தேர்வைக் கொடுங்கள்.

இரண்டும் வேறு வேறு வரிசையில் இருந்தும் பிங் போகவில்லை என்றால், மோடத்துக்கே நெட் இருக்கிறதா என்று அதன் விளக்கைப் பாருங்கள். நீங்கள் ஃப்ளாஷ் செய்த அதே மாலையில் வெளியே கம்பி அறுந்திருப்பதும் நடக்கும்.

## அறிகுறி 5: ரவுட்டருக்கு நெட் இருக்கிறது, கணினிக்கு மட்டும் இல்லை

வேன் இன்டர்ஃபேஸைத் திருத்தாமல், வேறு பெயரில் புதிதாக ஒரு இன்டர்ஃபேஸ் உருவாக்கினீர்களா? அது எந்த ஃபயர்வால் மண்டலத்திலும் சேராமல் நிற்கும். அதன் ஃபயர்வால் செட்டிங்ஸ் பகுதியில் சிவப்பு நிறத்தில் இருக்கும் வேன் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நெட்வொர்க், ஃபயர்வால் பக்கத்தில் அந்த மண்டலத்துக்கு மாஸ்கரேடிங் (வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே வெளி ஐபியில் போக வைப்பது) குறி இருக்கிறதா, லேனிலிருந்து வேனுக்குப் போக அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு கூடும் என்று நினைத்து யாராவது குறியை எடுத்துவிட்டால் மொத்த வீட்டுக்கும் நெட் நின்றுவிடும்.

விபிஎன் ஏதாவது போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். இங்கே வெளியாள் யாரும் தேவையில்லை. ஃபயர்வால் அமைப்புகள் கையை மீறிப் போய்விட்டன என்றால் அமைப்புகளை முழுக்க அழித்துவிட்டு, வேனை மட்டும் திருத்தித் தொடங்குவது அரை மணி நேர வேலை.

## அறிகுறி 6: 8.8.8.8 பதில் தருகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை

நெட் இருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும் இல்லை. வேன் இன்டர்ஃபேஸின் அட்வான்ஸ்ட் பகுதியில் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தும் குறியை எடுத்துவிட்டு, 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் இட்டுப் பாருங்கள். விளம்பரத் தடுப்பான் நிறுவியிருந்தால் நிறுத்துங்கள்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் ரவுட்டரின் தேதியைப் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் பேட்டரி உள்ள கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரத்தை நெட்டிலிருந்துதான் வாங்க வேண்டும். நேர சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். நீங்கள் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியா என்று பார்ப்பது) சரிபார்ப்போ மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸோ போட்டிருந்தால், அதற்குச் சரியான நேரம் வேண்டும். ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து இரண்டும் நிற்கும். சிஸ்டம் பக்கத்தில் பிரவுசரோடு நேரத்தைச் சரிசெய்யும் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தியதும் தளங்கள் திறந்தால் நோய் இதுதான். நிரந்தரத் தீர்வுக்கு, நேர சர்வர் ஒன்றைப் பெயராக இல்லாமல் ஐபி எண்ணாகவே சேர்த்து வையுங்கள்.

விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் உள்நுழைவுப் பக்கம் வர வேண்டிய இணைப்பில் அந்தப் பக்கமே வரவில்லை என்றால், டிஹெச்சிபி மற்றும் டிஎன்எஸ் பக்கத்தில் ரீபைண்ட் புரொடெக்‌ஷன் என்ற குறியைத் தற்காலிகமாக எடுங்கள். நுழைந்தபின் மறக்காமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

## அறிகுறி 7: சில தளங்கள் திறக்கின்றன, சில சுற்றிக்கொண்டே இருக்கின்றன

இது ரொம்பப் படுத்தும். தேடல் பக்கம் வரும், அரட்டைச் செய்தி போகும், ஆனால் வங்கித் தளம் வெள்ளையாகவே நிற்கும். நெட் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் முதல் சந்தேகம் எம்டியூ மேல்தான், அதாவது ஒரு தரவுப் பொட்டலம் (பாக்கெட்) இருக்கக்கூடிய உச்ச அளவின் மேல்.

ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. சோதிக்க, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் பிங் 8.8.8.8 என்பதோடு -எஃப் -எல் 1464 என்று சேர்த்துக் கொடுங்கள். எழுத்துகள் ஆங்கிலச் சிற்றெழுத்தில். 1464-உடன் தலைப்புகளுக்கான 28-ஐக் கூட்டினால் 1492. பதில் வந்தால் 1492 போகிறது. துண்டாக்க வேண்டும் என்றோ, பதிலே இல்லை என்றோ வந்தால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டி, அதையே வேனின் எம்டியூவாக வையுங்கள். கூடவே ஃபயர்வாலில் வேன் மண்டலத்துக்கு எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட் அளவைத் தானாகக் குறைத்துக்கொள்ளச் செய்வது) குறி இருக்க வேண்டும். இயல்பாக இருக்கும், ஆனால் புதிதாக மண்டலம் உருவாக்கியவர்களிடம் இருக்காது.

எம்டியூ சரியாக இருந்தும் அப்படியே என்றால் ஐபிவி6-ஐ (புதிய வகை ஐபி முகவரி முறையை) சந்தேகியுங்கள். கணினியில் ஐபிவி6-ஐ மட்டும் அணைத்துவிட்டுப் பாருங்கள். உடனே எல்லாம் திறந்தால், ரவுட்டர் கணினிகளுக்கு ஐபிவி6 முகவரி கொடுக்கிறது, வெளியே போகும் வழி மட்டும் சரியாக இல்லை. ஐபிவி6-க்கான வேன்6 இன்டர்ஃபேஸை மறுதொடக்கம் செய்யுங்கள். நிறுவனம் ஐபிவி6 தருவதே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் அதை நிறுத்தி வையுங்கள்.

## அறிகுறி 8: வருகிறது, சில மணி நேரத்தில் போய்விடுகிறது

போன அந்த நேரத்தில் மறுதொடக்கம் செய்யாதீர்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியின் லாக் நினைவகத்தில்தான் இருக்கிறது, மறுதொடக்கம் செய்தால் சாட்சி அழிந்துவிடும். முதலில் லாகை நகலெடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘அவுட் ஆஃப் மெமரி’ என்று இருந்தால் ரவுட்டர் மூச்சுத் திணறுகிறது. 64 எம்பி ரேம் உள்ள ரவுட்டரில் பெரிய விளம்பரத் தடுப்புப் பட்டியலை ஏற்றினால் டிஎன்எஸ் வேலையைச் செய்யும் நிரலையே கர்னல் கொன்றுவிடும். பட்டியலைச் சிறியதாக்குங்கள். 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ரேமும் மட்டும் உள்ள ரவுட்டர் என்றால் இன்றைய பதிப்புகளை அதில் ஓட்ட முயல்வதே வேண்டாம்.

ரேடார் என்ற சொல் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள். பிபிபிஓஇ வரிகளில் எக்கோவுக்குப் பதில் இல்லை என்று இருந்தால் கம்பியிலோ மோடத்திலோ குறை, நிறுவனத்தைக் கூப்பிடலாம். லாக் ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்தே தொடங்குகிறதா? ரவுட்டரே தானாக அணைந்து எழுகிறது. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பழைய அடாப்டர் சோர்ந்துபோன நேரமும் ஃபர்ம்வேர் மாற்றிய நேரமும் ஒன்றாக அமைந்து, பழி மட்டும் ஃபர்ம்வேர்மேல் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 9: விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, எதற்கும் பதில் இல்லை

முதலில் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஃப்ளாஷ் செய்தபின் முதல் தொடக்கத்துக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்குவதுதான் ரவுட்டரைக் கொல்லும் வழி.

ஃபெயில்சேஃப். கணினிக்குக் கையால் 192.168.1.2, மாஸ்க் 255.255.255.0 போடுங்கள். ரவுட்டரை அணைத்து எழுப்பி, விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும் சில விநாடிகளுக்குள் ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். சிமிட்டல் இன்னும் வேகமானால் உள்ளே வந்துவிட்டீர்கள். எஸ்எஸ்ஹெச்-இல் 192.168.1.1-க்கு ரூட் பயனராக, கடவுச்சொல் இல்லாமல் நுழையலாம். அங்கே ஃபர்ஸ்ட்பூட் கட்டளையும் அடுத்து ரீபூட்டும் கொடுத்தால் ஃபர்ம்வேர் ஏறிய முதல் நிமிடத்துக்கு ரவுட்டர் திரும்பிவிடும். இரண்டையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள்.

பூட்லோடர் வழி. ஃபெயில்சேஃப் சில முறை முயன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேரே சரியாக ஏறவில்லை. ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் உயிரோடு இருந்தால் இன்னும் வழி உண்டு. டிபி-லிங்க்கின் பல மாடல்கள் ரீசெட்டை அழுத்தியபடி எழுப்பினால் 192.168.0.66 என்ற முகவரியில் டிஎஃப்டிபி சர்வரை (கோப்பை அனுப்ப உங்கள் கணினியில் ஓட்டும் சிறு நிரலை) தேடி, குறிப்பிட்ட பெயருள்ள கோப்பை இறக்கிக்கொள்ளும். டி-லிங்க்கின் பல மாடல்களில் 192.168.0.1-இல் அவசரகாலப் பக்கமே திறக்கும். உங்கள் மாடலுக்கான முகவரி, கோப்பின் பெயர் இரண்டையும் ஃபர்ம்வேரின் சாதனப் பக்கத்தில் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். ஏற்றும் முன் கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கணினியின் ஃபயர்வாலை அந்தச் சில நிமிடம் அணைத்து வைக்க வேண்டும், டிஎஃப்டிபி பலிக்காமல் போவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

முப்பது விநாடி, முப்பது விநாடி, முப்பது விநாடி என்று ரீசெட்டை அழுத்தும் பழைய வைத்தியம் ஒன்று இன்னும் சுற்றுகிறது. டிடி-டபிள்யூஆர்டியின் தொடக்கக்கால ரவுட்டர்களுக்காகச் சொன்னது அது. இன்றைய ரவுட்டர்களில் செய்யாதீர்கள்.

கைமாற்ற வேண்டிய இடம். டிஎஃப்டிபியும் பலிக்கவில்லை என்றால் மிச்சம் சீரியல் இணைப்புதான். பெட்டியைத் திறந்து, போர்டில் உள்ள ஜிஎன்டி, டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்று முனைகளோடு யூஎஸ்பி மாற்றி ஒன்றை இணைத்து, பூட்லோடர் என்ன சொல்கிறது என்று படிப்பது. மாற்றி 3.3 வோல்ட்டாக இருக்க வேண்டும். 5 வோல்ட்டைக் கொடுத்தால் சிப் போய்விடும். நான்காவது முனையான மின் முனையைத் தொடவே வேண்டாம். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சீரியலிலும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் போட்டு, அல்லது அதைக் கழற்றி, நேரடியாக எழுத வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் கூலி புது ரவுட்டரின் விலையைத் தொடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது மாடல், வன்பொருள் பதிப்பு, ஏற்றிய கோப்பின் முழுப் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டரோடு ஒட்டிக் கொடுங்கள். பாதி வேலை குறையும்.